குளிரும் மழையும் படுத்திய ஆண்டில் ஷார்டொனே: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை எங்கே நட்டாலும் வளரும் என்பார்கள். குளிர்ப் பகுதிகளில் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. இந்தக் கொடி மற்ற பல ரகங்களுக்கு முன்பே துளிர்விடுவதால், வசந்தத்தில் தாமதமாக வரும் உறைபனி இதைத்தான் முதலில் பிடிக்கும். தோல் மெல்லியது, குலை நெருக்கமானது. அறுவடைக்கு முன் நாலு நாள் மழை பெய்தால் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சையின் அழுகல் குலைக்குள் புகுந்துவிடும்.

2021 மார்ச்சின் கடைசி நாட்கள் பிரான்சில் இதமாக இருந்தன, துளிர்கள் வெளியே வந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் விழுந்த உறைபனி ஷாப்லியிலும் பர்கண்டியின் மற்றப் பகுதிகளிலும் அவற்றைக் கருக்கியது. 2024ல் ஷாப்லிக்கு உறைபனி, மே 1 அன்று ஆலங்கட்டி மழை, பிறகு அடிச்சாம்பல் நோய் என்று மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. 2011ல் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, யாரா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், பருவம் முழுக்க ஈரமும் குளிருமாகவே போனது. 2012ல் இங்கிலாந்தின் நைடிம்பர் நிறுவனம் பழத்தின் தரம் போதாது என்று அந்த ஆண்டு ஒயினே செய்யவில்லை. அதுவும் ஒரு நேர்மையான தீர்வுதான்.

அந்த அளவுக்குப் போகாத, ஆனால் சுலபமாகவும் இல்லாத ஆண்டுகளுக்கான குறிப்பு இது. இத்தகைய ஆண்டுகளில் பருவம் செய்யும் சேதத்தைவிட, பதற்றத்தில் வரிசை மாற்றிச் செய்யும் திருத்தங்களே ஒயினை அதிகம் கெடுக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. தானாகக் குறையப்போகும் புளிப்பை முன்கூட்டியே குறைத்துவிடுகிறோம். அழுகிய பழத்தின் சாறும் நல்ல பழத்தின் சாறும் ஒரே தொட்டிக்குப் போய்விடுகின்றன. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் என்ன செய்வது என்பதோடு எப்போது செய்வது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தொடங்கும் முன்

பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), பி.எச், மொத்த அமிலம் மூன்றையும் எல்லோரும் அளக்கிறார்கள். கஷ்டமான ஆண்டில் இவை போதாது. மாலிக் அமிலம் (டார்டாரிக்கோடு திராட்சையின் இரு முக்கிய அமிலங்களில் ஒன்று) தனியாக எவ்வளவு, ஈஸ்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய நைட்ரஜன் எவ்வளவு என்ற இரண்டையும் கட்டாயம் பாருங்கள். பின்னால் வரும் பாதி முடிவுகள் இந்த இரண்டு எண்களில்தான் தொங்குகின்றன.

பிரெஞ்சு ஆய்வகங்கள் மொத்த அமிலத்தை சல்ஃப்யூரிக் அமிலக் கணக்கில் தருவது வழக்கம். அந்த எண்ணை 1.53 ஆல் பெருக்கினால் டார்டாரிக் கணக்கு வரும். அங்கே 6.5 என்று பார்த்து நிம்மதி அடைந்தால், உண்மையில் அது லிட்டருக்கு 10 கிராம் புளிப்பு. இந்தக் குறிப்பில் எல்லா அளவும் டார்டாரிக் கணக்கில்.

அறிகுறி: ஒரே கொடியில் பொன்னிறக் குலையும் பச்சைக் குலையும்

உறைபனி முதல் துளிரைக் கருக்கினால் கொடி இரண்டாம் மொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதில் வரும் குலைகள் குறைவு, பழுப்பதும் இரண்டு மூன்று வாரம் பின்தங்கும். பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ இருந்தால் வேறு மாதிரி சிக்கல்: ஒரே குலையில் பெரிய பழங்களும் விதையில்லாத குறுமணிகளும் கலந்து நிற்கும். இரண்டாவதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். குறுமணிகள் இனிப்பாகவே பழுக்கும், சாற்றுக்குச் செறிவும் தரும். ஷார்டொனேயின் மெண்டோசா குளோன் வகையை நட்டவர்களுக்கு இது ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் வரும் காட்சி.

முதலாவதுதான் ஏமாற்றும். மாதிரி எடுப்பவரின் கை தானாக நல்ல குலைக்கே போகும். 20 பிரிக்ஸ் என்று எண் வரும். பிழிந்த பிறகு தொட்டியில் 18 நிற்கும். மாதிரிக்குக் குறைந்தது 100 முதல் 200 பழம், வரிசையின் இரு பக்கத்திலிருந்தும், குலையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுங்கள். இரண்டு தலைமுறைக் குலைகளும் கணிசமாக இருந்தால் இரண்டு முறை அறுப்பதே சரி. ஆள் கிடைக்காத நிலையில், நிறம் மாறும் பருவத்திலேயே மிகவும் பின்தங்கிய பச்சைக் குலைகளை வெட்டிக் கீழே போட்டுவிடலாம். விளைச்சல் ஏற்கெனவே குறைந்த ஆண்டில் இன்னும் வெட்டுவது மனதுக்கு வலிக்கும். ஆனால் பச்சைக் குலையின் காட்டமான சுவையைப் பின்னால் எந்தப் பொருளாலும் எடுக்க முடியாது.

அறிகுறி: 17, 18 பிரிக்ஸில் நிற்கிறது, ஏற மறுக்கிறது

இலைகளைப் பாருங்கள். அடிச்சாம்பல் நோயில் இலை கொட்டியிருந்தால் சர்க்கரை செய்யும் இடமே போய்விட்டது, காத்திருப்பதில் பலன் இல்லை. இலை பச்சையாக, முழுசாக இருந்தால் காத்திருக்கலாம். மழை பெய்த மறுநாள் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். கொடி நீரை இழுத்துப் பழத்துக்கு அனுப்பியிருக்கும்; இரண்டு மூன்று உலர்ந்த நாட்கள் கிடைத்தால் எண் ஓரளவு திரும்பி வரும்.

காத்திருப்பதா, அறுப்பதா என்பதை அழுகலின் வேகம்தான் தீர்மானிக்க வேண்டும். தினமும் ஒரே நூறு குலைகளைப் பார்த்து எத்தனையில் அழுகல் என்று எழுதி வையுங்கள். அது நேற்றைவிடக் கூடவில்லை என்றால் இன்னொரு நாள் இருக்கலாம். ஒரே நாளில் இரட்டிப்பானால் அன்றே அறுங்கள், சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும் சரி.

இந்த இடத்தில் பலர் யோசிக்காத வழி ஒன்று உண்டு: ஸ்பார்க்லிங், அதாவது நுரைக்கும் ஒயின். 17 முதல் 19 பிரிக்ஸ், உயர்ந்த அமிலம், தாழ்ந்த பி.எச் கொண்ட ஷார்டொனே மெலிந்த வெள்ளை ஒயினாகலாம், ஆனால் ஸ்பார்க்லிங்குக்கு அது மிக நல்ல அடிப்படை. வசதி இருந்தால் பின்தங்கிய பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். பழம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. போட்ரைட்டிஸ் உள்ள பழம் நுரையையும் கெடுக்கும்.

சர்க்கரை சேர்ப்பது என்றால் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பகுதிக்கு ஏற்ப வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் சர்க்கரை கூடாது, செறிவூட்டிய திராட்சைச் சாறு மட்டும் சேர்க்கலாம். அனுமதி உள்ள இடத்தில் கணக்கு எளிது: லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹால் தரும். நொதிப்பு சுறுசுறுப்பாக இருக்கும்போது, முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள், சாற்றில் கரைத்து இரண்டு தவணையாகச் சேருங்கள். 1 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை. சர்க்கரை ஆல்கஹாலைத்தான் கூட்டும், பழச்சுவையைக் கூட்டாது. மெலிந்த பழத்தின் மேல் 2 சதவீதம் ஏற்றினால் ஒயின் வாயில் சுடும், நடுவில் வெறுமையாக இருக்கும்.

அறிகுறி: குலையில் அழுகல், சாறு பிழிந்தவுடன் பழுப்பு

இதுதான் ஈரமான ஆண்டின் மூலப் பிரச்சினை. இதைச் சரியாகக் கையாண்டால் கீழே வரும் பல தலைப்புகள் உங்களுக்குத் தேவையே இருக்காது.

எல்லாச் சாறும் காற்று பட்டால் கொஞ்சம் பழுப்பாகும். ஆரோக்கியமான பழத்தில் அதைச் செய்யும் நொதி சல்ஃபைட்டுக்கு (சாற்றைக் காக்கப் போடும் சல்ஃபர் டைஆக்சைடுக்கு) பணியும், நொதிப்பின்போது பழுப்பும் வண்டலோடு படிந்துவிடும். போட்ரைட்டிஸ் உண்டாக்கும் லாக்கேஸ் என்ற நொதி வேறு ரகம். வழக்கமான சல்ஃபைட் அளவுக்கு அது அசையாது, நொதிப்பு முடிந்த ஒயினிலும் உயிரோடு இருக்கும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, பழுப்புக்குக் காரணம் இந்த இரண்டில் எது என்பதுதான். ஆய்வகத்தில் லாக்கேஸ் சோதனை உண்டு. அது இல்லாவிட்டால், சல்ஃபைட் போட்ட தெளிந்த சாற்றை ஒரு கண்ணாடிக் கோப்பையில் பாதி ஊற்றி, திறந்தபடி ஒரு நாள் வையுங்கள். பழுப்பு ஏறிக்கொண்டே போனால், மேலே எண்ணெய்ப் படலம் போல மினுமினுத்தால், லாக்கேஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். குளூக்கோனிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டுவதும் கணிசமான அழுகலுக்கு அடையாளம்.

தோட்டத்திலேயே வெட்டி நீக்குவதற்கு மாற்று கிடையாது. கையால் அறுங்கள், சின்னப் பெட்டிகளில் கொண்டு வாருங்கள், பிரஸ்ஸுக்கு முன் மேசையில் மறுபடி பிரியுங்கள். இயந்திர அறுவடையில் அழுகிய பழமும் நல்ல பழமும் வண்டியிலேயே கலந்து ஊறிவிடும். பழத்தை நசுக்காமல் முழுக் குலையாகப் பிழியுங்கள். அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள், டிரம்மை அடிக்கடி சுழற்றாதீர்கள். ஷாம்பெயினில் 4000 கிலோ பழத்துக்கு முதல் 2050 லிட்டரைத் தனியாகவும் அடுத்த 500 லிட்டரைத் தனியாகவும் எடுப்பது விதி. அந்தப் பழக்கத்தை எல்லோரும் கடன் வாங்கலாம். அழுகல் உள்ள ஆண்டில் ஒரு டன்னுக்கு 500 லிட்டரோடு முதல் பகுதியை மூடிவிட்டு, கடைசிச் சாற்றை வேறு தொட்டிக்கு அனுப்புங்கள். பூஞ்சை வாடையும் கசப்பும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான். இங்கே முதலில் வருவதிலும் கொஞ்சம் அழுக்கு உண்டு: பெட்டியில் கசிந்த சாறும் பிரஸ்ஸிலிருந்து ஒழுகும் முதல் சாறும் மேலே ஒட்டிய பூஞ்சையைக் கழுவிக்கொண்டு வரும். அந்தச் சில லிட்டர்களையும் ஒதுக்குங்கள்.

பிரஸ் தட்டிலேயே லிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் சல்ஃபர் டைஆக்சைடு போடுங்கள். சுத்தமான பழத்துக்கு இது அதிகம், இங்கே வேண்டும். திராட்சை டானின் கொஞ்சம் சேர்ப்பதும் லாக்கேஸுக்கு வேலை கொடுத்துத் திசை திருப்பும். அஸ்கார்பிக் அமிலம் மட்டும் போட வேண்டாம், லாக்கேஸ் அதை நொடியில் தின்றுவிடும். சாற்றை 8 முதல் 10 டிகிரிக்குக் குளிரவைத்து, பெக்டின் உடைக்கும் நொதி போட்டு, இரவோடு படியவிட்டு, வழக்கத்தைவிடத் தெளிவாக வடித்தெடுங்கள். அடி வண்டலை மீட்டு வடிகட்டி நல்ல தொட்டியில் சேர்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு தாமதம் கூடாது. காட்டு ஈஸ்ட்டை நம்பும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அழுகல் ஆண்டு அதற்கான ஆண்டு இல்லை. தேர்ந்த ஈஸ்ட்டை உடனே போடுங்கள். எழும்பும் கரியமில வாயுதான் சாற்றுக்குச் சிறந்த போர்வை. போட்ரைட்டிஸ் சாற்றின் தயமின் வைட்டமினை உறிஞ்சிவிட்டிருக்கும், ஆகவே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் அதைத் திருப்பிக் கொடுங்கள். பாஸ்டர் முறை உபகரணம் உள்ள பெரிய ஆலைகள் 65 டிகிரிக்கு மேல் சில நிமிடம் சூடாக்கி லாக்கேஸை ஒழிக்க முடியும். கடுமையாகப் பாதித்த சாற்றுக்கு அது நியாயமான வழி.

நொதிப்பு முடிந்ததும் பருமனான வண்டலிலிருந்து ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுங்கள். இந்த ஆண்டு வண்டல் கலக்கும் அழகெல்லாம் சுத்தமான பீப்பாய்களுக்கு மட்டும்.

அறிகுறி: புளிப்பில் பல் கூசுகிறது

குளிர் ஆண்டின் சாறு: பி.எச் 3.05, மொத்த அமிலம் லிட்டருக்கு 11 கிராம், அதில் மாலிக் 6 கிராம். எண்ணைப் பார்த்ததும் கார்பனேட் மூட்டையைத் தேடுவது இயல்பு. கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் போடுங்கள்.

மேலோலாக்டிக் மாற்றத்தில் (பாக்டீரியா மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக்குவதில்) 1 கிராம் மாலிக் போனால் மொத்த அமிலம் சுமார் 0.56 கிராம் இறங்கும். 6 கிராம் மாலிக் முழுவதும் மாறினால் 3.4 கிராம் குறைவு. நொதிப்பின்போதும் குளிரிலும் டார்டாரிக் உப்பாகப் படிந்து இன்னும் 1 கிராம் அல்லது அதற்கு மேல் போகும். ஆக, 11ல் தொடங்கிய ஒயின் கையே வைக்காமல் 6.5க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது அருமையான ஷார்டொனே எண். சாற்றிலேயே கார்பனேட்டால் 3 கிராம் குறைத்திருந்தால் மேலோலாக்டிக் முடிந்ததும் 3.5க்குச் சரிந்து, தட்டையான, உயிரற்ற ஒயின் கிடைக்கும். குளிர் ஆண்டு ஷார்டொனேயில் நான் அதிகம் காணும் சேதம் இதுதான். கார்பனேட் டார்டாரிக்கைத்தான் பிடிக்கும், மாலிக்கைத் தொடாது. நாம் குறைக்க நினைத்ததோ மாலிக்கை.

விதிவிலக்கு ஒன்று. பி.எச் 3.0க்குக் கீழே இருந்தால் ஈஸ்ட்டும் திணறும், மேலோலாக்டிக் பாக்டீரியா தொடங்கவே செய்யாது. அப்போது சாற்றில் சிறிய திருத்தம் நியாயம்: அளவு கூட்டிக் கூட்டிச் சின்னக் கிண்ணத்தில் சோதித்து, பொட்டாசியம் பைகார்பனேட்டால் பி.எச் 3.15 வரை மட்டும் ஏற்றுங்கள். இலக்கு பி.எச், சுவை அல்ல. கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 0.67 கிராம் போட்டால் 1 கிராம் அமிலம் குறையும், வேகமும் அதிகம். ஆனால் கால்சியம் டார்ட்ரேட் மாதக்கணக்கில் மெதுவாகப் படியும். பாட்டிலில் போய்ப் படிகமாகத் தெரியும் அபாயம் உண்டு. சாற்றில் போடுவதென்றால் போடலாம், பாட்டிலில் அடைக்கும் காலம் நெருங்கிய ஒயினில் வேண்டாம்.

மாலிக் 7, 8 கிராம் என்று பயமுறுத்தும் ஆண்டுக்கு இரட்டை உப்பு முறை இருக்கிறது. சாற்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, விசேஷக் கால்சியம் கார்பனேட்டின் மேல் மெதுவாக ஊற்றி, பி.எச் 4.5க்கு மேலேயே வைத்திருந்து, மாலிக்கும் டார்டாரிக்கும் சேர்ந்து படிந்ததும் வடிகட்டி மீதிச் சாற்றோடு கலப்பது. ஊற்றும் வரிசையும் கலக்கும் வேகமும் தவறினால் வெறும் டார்டாரிக்தான் போகும். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

பழம் பச்சையாக ஆனால் துளியும் அழுகல் இல்லாமல் இருந்தால், பிழிவதற்கு முன் குளிரில் சில மணி நேரம் தோலோடு ஊறவிடலாம். தோலிலிருந்து பொட்டாசியம் இறங்கி டார்டாரிக்கைக் கொஞ்சம் படியவைக்கும், மணமும் கூடும். ஒரு குலையில் அழுகல் கண்டாலும் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ஒயினான பிறகும் புளிப்பு மிச்சம் என்றால் குளிரில் நிலைப்படுத்தல் உதவும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பி.எச் 3.65க்குக் கீழே உள்ள ஒயினில் இந்த உப்பு படியும்போது மொத்த அமிலம் குறையும், பி.எச்சும் கூடவே இறங்கும். காகிதத்தில் எண் நன்றாக இருந்தும் வாயில் கூர்மை போகாததற்கு அதுவும் காரணம். கடைசி அரை கிராமை வண்டலோடு கிடக்கும் மாதங்களே நன்றாகத் தீர்த்துவைக்கும். எண் மாறாது, வாய்க்கு மட்டும் இதமாகும்.

அறிகுறி: நொதிப்பு நின்றுவிட்டது

முதலில் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். பீப்பாய் அறை 12 டிகிரிக்கு இறங்கியிருந்தால் ஈஸ்ட் தூங்கியிருக்கலாம். 18 முதல் 20 டிகிரிக்கு ஏற்றி, அடியில் கிடக்கும் ஈஸ்ட்டை மெதுவாகக் கிளப்பிவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். குளிர்ப் பகுதியில் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அசையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவு, பி.எச் தாழ்வு, அளவுக்கு மீறித் தெளிந்த சாறு மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும். ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். 100 லிட்டருக்கு 10 கிராம் டைஅமோனியம் பாஸ்பேட் போட்டால் லிட்டருக்குச் சுமார் 21 மில்லிகிராம் நைட்ரஜன் கூடும். பாதி நொதிப்பைத் தாண்டிய பிறகு அதைக் கொட்டுவதில் பயன் இல்லை. ஆல்கஹாலில் ஈஸ்ட்டால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, மிச்சமானது கெட்ட நுண்ணுயிரிகளுக்குத் தீனி.

தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தமான பழத்தின் சாற்றை 100 முதல் 200 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) கலங்கலோடு விடுவது நல்லது. அழுகலுக்குப் பயந்து 50க்குக் கீழே தெளிவாக்கிய தொட்டிதான் பெரும்பாலும் நிற்கிறது. அப்படித் தெளிவாக்க நேர்ந்தால் ஈஸ்ட் ஓடு (இறந்த ஈஸ்ட்டின் செல்சுவர்) சேர்த்து ஈடு கட்டுங்கள்.

மறுபடி கிளப்ப: ஒயினை வண்டலிலிருந்து பிரித்து, 100 லிட்டருக்கு 25 முதல் 40 கிராம் ஈஸ்ட் ஓடு போட்டு ஒரு நாள் வைத்து எடுங்கள். ஈசி1118 போன்ற உறுதியான ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சர்க்கரையும் கொஞ்சம் ஒயினும் கலந்த கரைசலில் எழுப்பி, அது துள்ளும்போது நின்றுபோன ஒயினைப் பங்கு பங்காக அதில் சேருங்கள். ஈஸ்ட்டை ஒயினில் ஊற்றுவதைவிட ஒயினை ஈஸ்ட்டிடம் கொண்டுபோவதுதான் முறை. இந்த நாட்களில் ஆவியாகும் அமிலத்தைத் தினமும் பாருங்கள். சர்க்கரை மிச்சம் இருக்கும்போது மேலோலாக்டிக் பாக்டீரியா கிளம்பினால் வினிகர் வாடை வந்துவிடும். பாக்டீரியாவை அழிக்கும் லைசோசைம் நொதியை லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் போட்டு அதை நிறுத்தி வைக்கலாம். அது முட்டையிலிருந்து வருவதால் லேபிளில் சொல்ல வேண்டிய நாடுகள் உண்டு.

அறிகுறி: அழுகிய முட்டை வாடை

நொதிப்பின் முதல் பாதியில் வந்தால் நைட்ரஜன் பசி. ஊட்டம் கொடுங்கள், கொஞ்சம் காற்றுக் காட்டுங்கள், போய்விடும். ஊட்டம் சரியாக இருந்தும் வந்தால் தோட்டத்துக் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். சாம்பல் நோய்க்கு அஞ்சி அறுவடை நெருங்கும்வரை கந்தகம் அடித்திருப்பார்கள். கடைசி ஐந்து வாரத்தில் அடிக்காமல் இருப்பது பாதுகாப்பு. அடித்திருந்தால் சாற்றை நன்றாகப் படியவிட்டு வடித்தெடுப்பதுதான் வழி.

நொதிப்பு முடிந்த பிறகும் வாடை நின்றால் இரண்டு கோப்பை ஒயின் எடுத்து ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டு முகர்ந்து பாருங்கள். வாடை மறைந்தால் தாமிரம் வேலை செய்யும். மறையாவிட்டால் அது டைசல்ஃபைடாக மாறியிருக்கலாம், அதற்கு ஆய்வகத்தின் துணை வேண்டும். உணவுத்தர மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம் என்பதை வைத்துக் கணக்கிட்டு, வேலை செய்யும் மிகக் குறைந்த அளவை மட்டும் சேருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிந்த ஒயினில் தாமிரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

தீக்குச்சி உரசியது போன்ற லேசான வாடை வேறு விஷயம். பலர் அதை விரும்பித் தேடுகிறார்கள். அதைத் தாமிரத்தால் துடைத்துவிட்டால் மெலிந்த ஆண்டின் ஒயினில் இருந்த ஒரே சுவாரசியமும் போய்விடும்.

அறிகுறி: மேலோலாக்டிக் தொடங்கவே இல்லை

பி.எச் 3.1, அறை வெப்பம் 13 டிகிரி, மொத்த சல்ஃபர் டைஆக்சைடு லிட்டருக்கு 70 மில்லிகிராம். இந்த மூன்றில் ஒன்றே பாக்டீரியாவைத் தடுமாறவைக்கப் போதும். அழுகலுக்காகப் பிரஸ்ஸில் போட்ட சல்ஃபைட் இங்கே வந்து வட்டி கேட்கிறது. அறையை 18 முதல் 20 டிகிரிக்குச் சூடேற்றுவதுதான் முதல் வேலை. பிறகு தாழ்ந்த பி.எச்சைத் தாங்கும் ஓனோகாக்கஸ் பாக்டீரியா வகையை, ஏற்கெனவே மேலோலாக்டிக் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பீப்பாயின் வண்டலோடு சேர்த்துப் போடுங்கள். அடுத்த ஆண்டுக்கு: ஈஸ்ட் போட்ட ஒன்றிரண்டு நாளில் பாக்டீரியாவையும் போட்டுவிட்டால் ஆல்கஹால் ஏறுமுன் அது பழகிவிடும். இதற்குப் பழம் சுத்தமாகவும் ஈஸ்ட்டின் நொதிப்பு உறுதியாகவும் இருக்க வேண்டும்.

முடிந்த பிறகு வெண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால் உடனே சல்ஃபைட் போடாதீர்கள். டைஅசெட்டைலை உயிருள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்றுவிடும். சுத்தமான வண்டல் என்றால் வாரம் ஒருமுறை கலக்கி, இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். மெலிந்த ஒயினில் வெண்ணெய் மிகவும் துருத்திக்கொண்டு தெரியும், அதனால் இந்தப் பொறுமை இந்த ஆண்டுக்கு இன்னும் அவசியம்.

அறிகுறி: வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, ஒயின் தெளியவில்லை

அழுகல் ஆண்டில் முதல் சந்தேகம் போட்ரைட்டிஸ் விட்டுச்செல்லும் பிசுபிசுப்பான குளூக்கான். இரண்டு பங்கு ஒயினில் ஒரு பங்கு 96 சதவீத ஆல்கஹால் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். நூல் நூலாகத் திரண்டால் அதுதான். குளூக்கான் உடைக்கும் நொதியைப் போட்டு, 15 டிகிரிக்கு மேல் வைத்து, சில வாரம் காத்திருங்கள். நொதி வேலை முடியும்வரை பென்டோனைட் களிமண் போடக்கூடாது, அது நொதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். புரதத்தால் வரும் மங்கல் என்றால் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கும் சோதனை காட்டிக்கொடுக்கும், அதற்கு மருந்து பென்டோனைட். மெலிந்த ஒயினில் அது உடலையும் சேர்த்து உரித்துவிடும், ஆகவே அளவைச் சின்னச் சோதனையில் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி: பீப்பாய் மட்டுமே தெரிகிறது, பழம் தெரியவில்லை

நல்ல ஆண்டுக்கு வாங்கிய புதுப் பீப்பாய்களைக் கெட்ட ஆண்டிலும் நிரப்பிய விளைவு. உடனே பழைய பீப்பாய்க்கோ தொட்டிக்கோ மாற்றுங்கள், ஓக் படாத பகுதியோடு கலந்து பாருங்கள். ஷாப்லியில் பலர் எஃகுத் தொட்டியிலேயே முழுக்க வளர்க்கிறார்கள். மெலிந்த ஆண்டில் அந்த வழிக்கு முழு மதிப்பு உண்டு.

அறிகுறி: பச்சை மிளகாய், வேர்க்கடலைத் தோல் வாடை

பல நிறப் புள்ளிவண்டுகள் குலைக்குள் ஒளிந்து பழத்தோடு நசுங்கினால் இந்த வாடை வரும். 2001ல் கனடாவின் ஒன்டாரியோவில் இது பெரிய தலைவலியானது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். பிழிந்த பிறகு முழுதாக எடுக்க வழி இல்லை. பிரிக்கும் மேசையிலேயே குலைகளை உதறுங்கள்.

அறிகுறி: சல்ஃபைட் போடப் போட மறைகிறது

அழுகல் பழத்தின் ஒயினில் சல்ஃபைட்டைக் கட்டிப்போடும் பொருட்கள் அதிகம். சின்னச் சின்ன அளவாகப் பத்துத் தடவை போடுவதைவிட, ஒரே தடவையில் பெரிய அளவு போட்டு, இரண்டு நாள் கழித்து மீதியை அளப்பது நல்லது. இங்கே தாழ்ந்த பி.எச் உங்களுக்கு நண்பன்: பி.எச் 3.0ல் 13 மில்லிகிராம் சுதந்திர, அதாவது எதோடும் கட்டுப்படாத, சல்ஃபர் டைஆக்சைடு தரும் பாதுகாப்புக்கு, 3.2ல் 21ம் 3.4ல் 32ம் வேண்டும். அமிலத்தை அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம். ஆனால் இந்தக் கணக்கு நுண்ணுயிரிகளுக்குத்தான்; லாக்கேஸ் மிச்சம் இருந்தால் இன்னும் தாராளமாக வேண்டும். பாட்டிலில் அடைக்கும் முன் அந்தத் திறந்த கோப்பைச் சோதனையை ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி: பாட்டிலில் ஓர் ஆண்டுக்குள் அந்துருண்டை, ஈரத்துணி வாடை

இதைப் பலர் கார்க் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். திருகுமூடி போட்ட பாட்டிலிலும் வந்தால் கார்க் காரணமில்லை. 1980களின் இறுதியில் ஜெர்மனியில் முதலில் கவனித்த முதிர்ச்சிக் கோளாறு இது. நைட்ரஜன் கிடைக்காமல் வாடிய கொடி, முழுதாகப் பழுக்குமுன் அறுத்த பழம் இரண்டும் இதற்குப் பாதை போடும். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுக்கலாம்: மாலிக், சர்க்கரை எண்கள் சரியாக இருந்தும் பழம் பச்சை வாசத்தோடு வந்த தோட்டப் பகுதி என்றால், அந்தத் தொட்டிக்கு நொதிப்புக்குப் பின் போடும் முதல் சல்ஃபைட்டோடு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் சேருங்கள். லாக்கேஸ் இல்லை என்று உறுதியான தொட்டிக்கு மட்டும், சுதந்திர சல்ஃபர் டைஆக்சைடு போதிய அளவு இருக்கும்போது மட்டும்.